மருந்து போதையாக மாறும்போது: மன்னார்க் கரையோரத்தின் எச்சரிக்கை

தலைமன்னார், பேசாலை, வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை ஆகிய ஊர்களின் பெயர்கள் கடந்த சில ஆண்டுகளாக ஒரே வகையான செய்தியோடு இணைத்துப் பேசப்பட்டு வருகின்றன. கடலில் மிதந்த நிலையிலும், கரையோரப் பற்றைகளுக்குள் மறைத்து வைக்கப்பட்ட நிலையிலும் பொதிகள் கைப்பற்றப்பட்டன என்பதே அச்செய்தியாகும். அப்பொதிகளில் பீடி இலை இருப்பதுண்டு. 2020ஆம் ஆண்டு மஞ்சள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டிருந்த காலத்தில் உலர்ந்த மஞ்சள் இருந்தது. கேரள கஞ்சாவும், ஐஸ் எனப்படும் போதைப்பொருளும் இருப்பதுண்டு. இவற்றோடு ஆயிரக்கணக்கில் குளிசைகளும் பிடிபட்டு வருகின்றன. அவற்றுள் அடிக்கடி சொல்லப்படும் பெயர் பிரிகாபலின்.

கஞ்சாவும் ஐஸும் போதைப்பொருள்கள் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால் பிரிகாபலின் என்பது வைத்தியர் எழுதிக் கொடுக்கும் மருந்து. எமது வீடுகளில் நீரிழிவு நோயினால் பாத எரிவுக்கு உள்ளான முதியவர்கள் பலர் இதனை நாள்தோறும் உட்கொள்கின்றனர். பாமசியில் கிடைக்க வேண்டிய ஒரு மருந்து ஏன் இரவில் படகேறி வருகின்றது? அதனை வாங்கி விழுங்குவோர் யார்? அவர்களுக்கு நேர்வது என்ன? கைப்பற்றப்பட்ட குளிசைகளின் எண்ணிக்கையோடு செய்தி முடிந்துவிடுவதால் இக்கேள்விகள் பெரும்பாலும் கேட்கப்படாமலே போய்விடுகின்றன. இவற்றுக்கு விடை காண முயல்வது அவசியமென நாம் கருதுகின்றோம்.

பிரிகாபலின் என்பது என்ன?

1980களின் இறுதியில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுகூடத்தில் உருவாக்கப்பட்ட இம்மருந்து 2004ஆம் ஆண்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பாவனைக்கு அனுமதிக்கப்பட்டது. நரம்புகள் சேதமடைவதால் உண்டாகும் வலி, சில வகை வலிப்பு ஆகியவற்றுக்கும், சில நாடுகளில் கடும் பதற்ற நோய்க்கும் இது வழங்கப்படுகின்றது. நரம்பு நுனிகளில் கல்சியம் உட்புகும் வாயில்கள் உள்ளன. அவற்றின் ஒரு பகுதியோடு இம்மருந்து ஒட்டிக்கொள்வதால், நரம்புகளைத் தூண்டும் இரசாயனங்கள் வெளிவருவது குறைகின்றது. வலியும் வலிப்பும் அடங்குவது இவ்வாறே.

நரம்பைத் தணிக்கும் மருந்து மூளையையும் தணிக்கும். வைத்தியர் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகவே இதனைக் கூட்டுவார். நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் என்பதே பொதுவாக மேல் எல்லையாகும். இது சிறுநீரகத்தின் வழியே உடலை விட்டு வெளியேறுவதால், சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்த அளவும் குறைக்கப்படும். போதைக்காக உட்கொள்வோர் இந்த எல்லைகள் எதனையும் பார்ப்பதில்லை. ஒரே நேரத்தில் பல குளிசைகளை விழுங்குவதால் அவர்களுக்கு ஒருவித மிதப்பும், கவலையற்ற நிலையும், மது அருந்தியது போன்ற தடுமாற்றமும் உண்டாகின்றன. இந்த மிதப்பே கள்ளச் சந்தையில் விலைபோகின்றது.

பழக்கம் அடிமைத்தனமாவது எவ்வாறு?

இங்கு மூன்று நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது, உடல் மருந்துக்குப் பழகிப்போவது. தொடக்கத்தில் இரண்டு குளிசை தந்த மிதப்பைச் சில வாரங்களின் பின்னர் நான்கு குளிசைகளே தரும். இரண்டாவது, உடல் மருந்தைச் சார்ந்து நிற்பது. மருந்து திடீரென நின்றால் வியர்வை, நடுக்கம், குமட்டல், உறக்கமின்மை, கடும் பதற்றம் ஆகியன தோன்றும். சிலருக்கு வலிப்பும் ஏற்படும். மூன்றாவதே அடிமைத்தனம். உடல்நலம், தொழில், குடும்பம், மானம் ஆகிய யாவும் கெடுவதைக் கண்ணால் கண்டும் நிறுத்த முடியாமல் மருந்தைத் தேடி அலையும் நிலை அது.

இரண்டாவது நிலையும் மூன்றாவது நிலையும் ஒன்றல்ல. புற்றுநோயின் கடும் வலிக்கு மோர்பின் பெறும் நோயாளியின் உடல் அம்மருந்தைச் சார்ந்திருக்கலாம். அதனால் அவர் போதைக்கு அடிமையானவர் ஆகிவிட மாட்டார். பாத எரிவுக்குப் பிரிகாபலின் எடுக்கும் தாயும் அவ்வாறே. செய்திகளில் இம்மருந்தின் பெயரைக் கண்டு அஞ்சி, எவரும் தாமாகவே அதனைத் திடீரென நிறுத்திவிடக் கூடாது. ஐயமிருப்பின் மருந்தை எழுதிய வைத்தியரிடமே கேட்க வேண்டும். அவர் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்துவார்.

அடிமைத்தனம் என்பது வெறும் மனவுறுதிக் குறைவு அன்று. மூளையில் இன்ப உணர்வைத் தரும் பகுதி, பசிக்கும் பாசத்துக்கும் பணியாற்ற வேண்டியது, போதைக்கென்றே பழக்கப்பட்டுவிடுகின்றது. மருத்துவ உலகம் இதனை ஒரு நோயாகவே ஏற்றுக்கொண்டுள்ளது. இளவயதில், மூளை வளர்ந்து முடியுமுன் பழகுபவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

ஒரு மருந்து மட்டுமல்ல

பிரிகாபலின் தனியானதொரு பிரச்சினை அன்று. போதைக்காகத் தவறாகப் பயன்படுத்தப்படும் மருந்துகளில் முதன்மையானவை அபின் வழியில் செயற்படும் வலிநிவாரணிகள். ட்ரமடோல், டேபென்டடோல், இருமல் பாணிகளில் சேர்க்கப்படும் கோடீன் ஆகியன இவ்வகையின. அடுத்தது தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் டயசிபாம், அல்பிரசோலம் போன்றவை. இவற்றை நீண்ட காலம் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் உயிராபத்தான வலிப்பு ஏற்படலாம். மூன்றாவது வகை, உறக்கத்தை விரட்டி உற்சாகம் தரும் தூண்டிகள்.

இவை தனித்தனியாகத் தரும் ஆபத்தைவிட ஒன்றுசேரும்போது விளையும் ஆபத்தே பெரிது. அபின் வகை வலிநிவாரணியும் மதுவும் சுவாசத்தை மந்தமாக்குபவை. பிரிகாபலினும் அவற்றோடு சேர்ந்தால், உறங்கியவர் உறக்கத்திலேயே மூச்சு நின்று இறக்கக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2019ஆம் ஆண்டு டிசம்பரில் இது குறித்து வெளிப்படையான எச்சரிக்கையொன்றை விடுத்தது. அபின் வகை மருந்தின் நஞ்சூட்டலை முறிக்க நலொக்சோன் என்ற மாற்று மருந்து உண்டு. பிரிகாபலினுக்கு அவ்வாறான முறிமருந்து இல்லை. மேலும், கள்ளச் சந்தையில் வாங்கும் குளிசையின் உள்ளே உண்மையில் இருப்பது எது, எவ்வளவு என்பதை விழுங்குபவர் அறிய வழியே இல்லை.

மன்னார் ஏன்?

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் மட்டுமே. இடையில் மணல் தீடைகள் வரிசையாகக் கிடக்கின்றன. 1914ஆம் ஆண்டு முதல் இவ்விரு கரைகளுக்கும் இடையே கப்பல் ஓடியது. 1964ஆம் ஆண்டின் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னரும், இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கான சேவை 1980களின் முற்பகுதி வரை நீடித்தது. உறவும் வாணிபமும் யாத்திரையும் நடந்த அதே கடல்வழியைத்தான் கடத்தல்காரர்களும் பயன்படுத்துகின்றனர். மருந்து உற்பத்தியில் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று இந்தியா. அங்கு மலிவாகக் கிடைக்கும் குளிசை இங்கு பன்மடங்கு விலைக்குப் போகுமானால், அந்த இலாபம் படகைத் தேடி வரவே செய்யும்.

தூரம் மாத்திரமே காரணமன்று. போர் இக்கரையோரத்தின் வாழ்வைச் சிதைத்தது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டி, தாராபுரம் உள்ளிட்ட ஊர்கள் வெறுமையாகின. புத்தளத்தின் அகதி வாழ்வில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. தமிழ்க் குடும்பங்களும் மடுவிலும் முகாம்களிலும் இந்தியக் கரையிலும் அலைந்தன. 2009ஆம் ஆண்டின் பின்னர் மீண்டு வந்தோருக்குக் கடலே மீண்டும் வாழ்வாதாரம். அந்தக் கடலிலும் இந்திய இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துச் செல்கின்றன. இழுவை மடித் தொழிலை இலங்கை 2017ஆம் ஆண்டு சட்டத்தால் தடை செய்தும் பிரச்சினை தீரவில்லை. கடனில் மூழ்கிய ஒருவரிடம் ஓரிரவுப் பயணத்துக்குப் பெருந்தொகை தருவதாக எவரேனும் கூறினால், அந்தச் சபலத்தை வெறும் பேராசை என்று தள்ளிவிட முடியாது.

எனினும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மன்னார் மீனவர் என்றால் கடத்தல்காரர், இன்ன ஊரார் என்றால் போதை வியாபாரி என்று முத்திரை குத்துவது பெரும் அநீதி. பிடிபடுபவர் பெரும்பாலும் படகோட்டியும் சுமப்பவருமே. முதலிட்டவர் கடற்கரைக்கே வராதவர். அவருக்கு இனமுமில்லை, மதமுமில்லை.

உலகம் கற்ற பாடம்

அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு ஒக்சிகொன்டின் என்ற வலிநிவாரணி அறிமுகமானது. அடிமைப்படுத்தும் ஆபத்து குறைவு என்று கூறி அது வைத்தியர்களிடம் சந்தைப்படுத்தப்பட்டது. தயாரித்த பர்டியூ நிறுவனம் 2007ஆம் ஆண்டிலும் 2020ஆம் ஆண்டிலும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் மருந்துச் சிட்டையோடு தொடங்கிய பலர் ஹெரோயினுக்கும், பின்னர் சட்டவிரோத ஃபென்டனிலுக்கும் சென்றுவிட்டனர். 2021 முதல் 2023 வரையான ஒவ்வோர் ஆண்டிலும் அந்நாட்டில் போதை மிகைப் பாவனையால் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். அங்கு வைத்தியரின் பேனாவிலிருந்து புறப்பட்ட தீங்கு இங்கு படகில் வந்து இறங்குகின்றது. வழிதான் வேறு.

இஸ்லாமிய நாடுகளும் இதற்கு விலக்கல்ல. எகிப்திலும் காஸாவிலும் ட்ரமடோல் இளைஞர்களைச் சீரழித்தது. ஜோர்தானில் பிரிகாபலின் பாவனை மருத்துவர்களைக் கவலை கொள்ளச் செய்தது. சவூதி அரேபியா அதனைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்தாக்கியுள்ளது. பிரித்தானியா 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் அதனைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. இந்தியா 2018ஆம் ஆண்டு ட்ரமடோலைப் போதைப்பொருட் சட்டத்தில் சேர்த்தது. மேற்கு ஆபிரிக்காவைப் பாழாக்கிய டேபென்டடோல், கரிசோபுரோடோல் கலவைக் குளிசையின் உற்பத்திக்கும் ஏற்றுமதிக்கும் வழங்கிய அனுமதியை அது 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் விலக்கிக்கொண்டது. தமிழ்நாட்டிலும் இளைஞர்கள் வலிநிவாரணிகளைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்வதும், விற்பவர்கள் கைதாவதும் செய்திகளாகி வருகின்றன.

வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்லும் எமது மக்கள் இதில் தனிக் கவனம் கொள்ள வேண்டும். இங்கு சாதாரணமாக எழுதித் தரப்படும் சில வலிநிவாரணிகளும் தூக்க மருந்துகளும் அங்கு கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டவை. மருந்துச் சிட்டை, வைத்தியரின் கடிதம், தேவையான முன்னனுமதி ஆகியன இன்றி அவற்றைப் பயணப் பையில் வைப்பது சிறை வரை கொண்டு செல்லலாம். உள்ளே இருப்பது என்னவென்று அறியாமல் அயலவர் கொடுக்கும் மருந்துப் பொதியைச் சுமந்து செல்லவே கூடாது.

வாடையில்லாத போதை

சாராயம் குடித்தவரை வாடை காட்டிக் கொடுக்கும். கஞ்சாவைப் புகை காட்டிக் கொடுக்கும். குளிசைக்கு வாடையுமில்லை, புகையுமில்லை. சட்டைப் பையில் அகப்பட்டாலும் தலைவலிக் குளிசை என்று சொல்லித் தப்பலாம். மதுவைத் தொடுவதற்கு அஞ்சும் குடும்பத்துப் பிள்ளையும், 'இது மருந்துதானே' என்ற எண்ணத்தில் இதனைத் தொட்டுவிடுகின்றான். இந்த எண்ணமே மிகப் பெரிய ஏமாற்று.

இஸ்லாம் மதுவை மாத்திரமன்றி மதியை மயக்கும் யாவற்றையும் விலக்கியிருப்பதை மார்க்க அறிஞர்கள் விளக்கியுள்ளனர். நோய்க்கு மருந்து தேடுவதை அதே மார்க்கம் ஊக்குவிக்கின்றது. எனவே வைத்தியர் அளவிட்டுத் தந்தது மருந்து. மயக்கத்துக்காக விழுங்குவது, பெயர் எதுவாயினும், போதை. இந்த வேறுபாட்டை ஜும்ஆப் பிரசங்கங்களில் எடுத்துரைப்பது காலத்தின் தேவை. ஆலயங்களிலும் தேவாலயங்களிலும் இதே கருத்து சொல்லப்பட வேண்டும். அத்தோடு, போதையிலிருந்து மீள வருபவனை ஒதுக்காமல் ஏற்றுக்கொள்ளும் மனமும் அவ்விடங்களிலிருந்தே தொடங்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது

காரணமற்ற மந்தம், குழறும் பேச்சு, தள்ளாடும் நடை, பகல் முழுதும் உறக்கம், பாடசாலையிலும் தொழிலிலும் நாட்டமின்மை, வீட்டில் பணம் மறைதல், குப்பையில் வெற்றுக் குளிசை அட்டைகள் ஆகியன கவனிக்க வேண்டிய அறிகுறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டவுடனே குற்றவாளியாக்கிவிடக் கூடாது. வேறு நோய்களும் இவ்வாறு தோன்றலாம். அடிப்பதும் அறையில் பூட்டி வைப்பதும் ஆபத்தானவை. மருந்து திடீரென நின்று பூட்டிய அறைக்குள் வலிப்பு வந்தால் காப்பாற்ற ஆளிராது.

ஒருவர் மயங்கிக் கிடந்தால் அவரை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, 1990 என்ற சுவசெரிய இலவச அம்பியுலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும். வாந்தி எடுக்க வைக்கவோ, தூங்கட்டும் என்று தனியே விடவோ கூடாது. குளிசை அட்டை கிடைத்தால் அதனையும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மானத்துக்கு அஞ்சி உண்மையை மறைப்பது உயிரைப் பறித்துவிடலாம். ஆலோசனைக்குத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கமும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கமும் உள்ளன. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடுவதில் வெட்கம் எதுவுமில்லை.

இன்னொரு கடமையும் உண்டு. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு நிலவியபோது, கிடைத்ததை வாங்கிச் சேர்த்து வைப்பதும் அயலவரோடு பகிர்வதும் வழக்கமாகின. தந்தைக்குத் தந்த வலிநிவாரணியும் பாட்டிக்குத் தந்த தூக்கக் குளிசையும் அலுமாரியில் எஞ்சிக் கிடக்கின்றன. அவற்றைப் பூட்டி வைப்பதும், தேவையற்றவற்றை அகற்றுவதும், ஒருவரின் மருந்தை மற்றவருக்குக் கொடுக்காதிருப்பதும் எந்தச் செலவுமின்றி இன்றே செய்யக்கூடியவை.

அரசு செய்ய வேண்டியது

இலங்கையில் இதற்குச் சட்டங்கள் இல்லாமலில்லை. அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1929ஆம் ஆண்டுக்குரியது. 2022ஆம் ஆண்டு அது திருத்தப்பட்டது. மருந்துகளின் பதிவையும் விற்பனையையும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஒழுங்குபடுத்துகின்றது. தகைமை பெற்ற மருந்தாளர் இன்றியும், சிட்டை இன்றியும் மருந்து விற்கும் கடைகள் மீது அச்சட்டம் சலுகையின்றிப் பாய வேண்டும். கடலில் காட்டும் விழிப்பைக் கடைவீதியிலும் காட்ட வேண்டும்.

ஆனால் கைதுகளால் மட்டும் இந்நோய் தீராது. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையில் பல்லாயிரக்கணக்கானோர் கைதாகினர். குளிசை தேடுவோர் அதனால் இல்லாமற் போய்விடவில்லை. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் வழிசெய்கின்றது. எனினும் புனர்வாழ்வு என்ற பெயரில் கந்தக்காட்டில் நடப்பவை குறித்துக் கேள்விகள் எழுந்தன. 2022ஆம் ஆண்டு ஜூனில் அங்கிருந்த ஒருவர் உயிரிழந்ததைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடிய சம்பவத்தை நாடு கண்டது. பூட்டிய வாயில் சிகிச்சை ஆகாது.

தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நீண்ட காலமாக நடத்திவரும் தங்குமிடச் சிகிச்சை நிலையங்கள் தலங்கம, நிட்டம்புவ, கண்டி, காலி போன்ற தெற்குப் பகுதிகளிலேயே அமைந்துள்ளன. பேசாலையிலோ முசலியிலோ உள்ள ஒரு தாய் தன் மகனை அவ்வளவு தூரம் அழைத்துச் செல்வது எவ்வாறு? தன் துயரத்தை மனம் திறந்து சொல்லித்தான் அவன் மீள வேண்டும். அதனை அவன் எந்த மொழியில் சொல்வது? சிகிச்சையின் உயிர்நாடி உரையாடல். அது தாய்மொழியில் நடைபெறாவிட்டால் மருந்து மட்டும் எஞ்சும். எனவே மன்னாரிலேயே, தமிழ் மொழியில், இரகசியம் காக்கப்படும் சிகிச்சைப் பிரிவொன்றும், பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர்களும், குணமடைந்து திரும்புவோருக்கான தொழில் வழிகாட்டலும் தேவை. தானாக உதவி தேடி வரும் இளைஞன் பொலிஸாரிடம் ஒப்படைக்கப்படமாட்டான் என்ற நம்பிக்கையையும் அரசு தர வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் எவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கடலில் பிடிபட்ட குளிசைகளின் எண்ணிக்கை எமக்குக் கிடைக்கின்றது. மன்னாரில் எத்தனை பேர் சிகிச்சை பெற்றனர், எத்தனை பேர் மீண்டனர் என்ற எண்ணிக்கையும் அதேபோல வெளியிடப்படட்டும். மாவட்டச் செயலகமும் சுகாதாரத் திணைக்களமும் அவ்விரு எண்ணிக்கைகளையும் ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்குமாயின், நாம் முன்னேறுகின்றோமா, பின்னடைகின்றோமா என்பதை எவரும் அறிந்துகொள்ளலாம். அது வரையிலும் பிள்ளையின் முகத்தைக் கவனிக்கும் தாயும், சிட்டையில்லாமல் மருந்து தர மறுக்கும் மருந்தாளரும், வீழ்ந்தவனை ஒதுக்காத ஊரும்தான் இக்கரையோரத்தின் காவல்.